எல்லாம் செட்டிங்! வாதாடுவோருக்கு ஒரு கையேடு

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஒரு வீரர் பரிமாற்றம், அதாவது டிரேடு, நியாயமானதா, இரண்டு மேலாளர்கள் பேசிவைத்துச் செய்த உள்குத்தா என்று தீர்ப்புச் சொல்ல உங்களுக்குக் கூடைப்பந்து தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சம்பள உச்சவரம்பு விதிகளைப் படிக்கவே வேண்டாம். படித்தால் தெளிவு வந்துவிடும் அபாயம் உண்டு. எந்த அணியின் ரசிகர் என்பதை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். லாபம் உங்கள் அணிக்கு என்றால் மேலாளர் கில்லாடி, அடுத்த அணிக்கு என்றால் செட்டிங்.

அதற்குப் பிறகு வேண்டியது வேகம். செய்தி வந்த பத்து நிமிடத்துக்குள் ‘சதி’ என்று சொல்லிவிட வேண்டும். 2025 பிப்ரவரி 2, அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு தாண்டிய நேரம். டாலஸ் மேவரிக்ஸ் தன் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது என்று செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா பதிவு போட்டார். அவருடைய கணக்கை எவனோ ஹேக் செய்துவிட்டான் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நிஜம்தான் என்று அவர் மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் முந்திக்கொண்டவர்களே வெற்றிபெற்ற சதியாய்வாளர்கள்.

இந்த ஒரு டிரேடை வைத்தே நீங்கள் பத்து வருடம் பேசலாம் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள். லூகாவுக்கு அப்போது 25 வயது. தொடர்ந்து ஐந்து சீசன்கள் லீக்கின் தலைசிறந்த ஐவரில் ஒருவராகத் தேர்வானவர். எட்டு மாதத்துக்கு முன்புதான் டாலஸை இறுதிச் சுற்று வரை இழுத்துப்போனவர். பதிலுக்கு டாலஸுக்குக் கிடைத்தது 31 வயது ஆன்டனி டேவிஸ், இளம் வீரர் மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டின் டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் எடுக்கும் சந்தையில், ஒரே ஒரு முதல் சுற்றுத் தேர்வு. டாலஸ் மேலாளர் நிக்கோ ஹாரிசன் முன்னாளில் நைக்கியில் லேக்கர்ஸ் நட்சத்திரம் கோபி பிரையன்ட்டின் காரியங்களைப் பார்த்தவர். லேக்கர்ஸ் மேலாளர் ராப் பெலின்காவோ கோபியின் ஏஜென்ட்டாக இருந்தவர். பேச்சு தொடங்கியது ஒரு காபியில். வேறு அணிகளிடம் ஏலம் விடவில்லை. காபி, கோபி, லேக்கர்ஸ்: இதற்கு மேல் ஒரு சதிக்கு என்னதான் வேண்டும்?

எதிராளி இங்கே குறுக்கே வருவான். லூகாவுக்கு அடுத்து எழுத வேண்டியிருந்த ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 34.5 கோடி டாலர், அவருடைய உடல் அதுவரை தாங்குமா என்று ஹாரிசன் பயந்தார் என்பான். டேவிஸ் டாலஸுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு உட்கார்ந்தார், ஹாரிசனை விரட்டச் சொல்லி அரங்கமே கோஷம் போட்டது, அந்த நவம்பரில் அவர் வேலையும் போனது, சதி செய்தவனுக்கு இதுதான் கூலியா என்று கேட்பான். அசராதீர்கள். டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்று முடிவு செய்யும் 2025 மே மாதக் குலுக்கலுக்குத் தாவுங்கள். வெறும் 1.8 சதவீத வாய்ப்பு இருந்த டாலஸுக்கு முதல் தேர்வு விழுந்து, இளம் வீரர் கூப்பர் ஃப்ளாக் கிடைத்தார். லீக் கொடுத்த நஷ்ட ஈடு என்று அடித்துச் சொல்லுங்கள்.

அந்தக் குலுக்கல் நடக்கும் விதத்தை மட்டும் யாரும் விசாரித்துவிடக் கூடாது. பூட்டிய அறை, 14 பிங்பாங் பந்துகள், அதில் நான்கு வெளியே வரும். வரிசை பாராமல் மொத்தம் 1,001 சேர்க்கைகள். ஒன்றை ஒதுக்கிவிட்டு ஆயிரத்தை அணிகளுக்குப் பிரித்துவிடுவார்கள். டாலஸின் பங்கு 18. அணிகளின் ஆட்களும் பத்திரிகைக்காரர்களும் அதே அறையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இதைச் சொல்லிவிட்டால் விவாதம் அத்தோடு படுத்துவிடும். சொல்லாதீர்கள்.

பழைய உதாரணம் ஒன்று கைவசம் இருப்பது நல்லது. 2008 பிப்ரவரியில் மெம்ஃபிஸ் அணி தன் நட்சத்திர வீரர் பாவ் கசாலை லேக்கர்ஸுக்கு அனுப்பியது. வந்தது குவாமே பிரவுன், ஜவாரிஸ் கிரிட்டன்டன், இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள், பிறகு ஏரன் மெக்கீ. இந்த மெக்கீயை விட்டுவிடாதீர்கள். அவர் அந்த சீசனில் எந்த அணிக்கும் ஆடவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் உதவிப் பயிற்சியாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இரு பக்கச் சம்பளக் கணக்கும் பொருந்த வேண்டும் என்பது விதி. ஆகவே லேக்கர்ஸ் அவரைக் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கி, அதே சூட்டில் மெம்ஃபிஸுக்கு ஏற்றிவிட்டது. துண்டு விழுந்த தொகைக்குக் கால் முளைத்து வந்த மனிதர். சான் அன்டோனியோ பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச், அர்த்தமில்லாத டிரேடுகளை ரத்து செய்ய ஒரு கமிட்டி வேண்டும் என்றார். மெம்ஃபிஸ் மேலாளராக முந்தைய வருடம் வரை இருந்தவர் ஜெர்ரி வெஸ்ட், பழைய லேக்கர்ஸ் ஜாம்பவான். பதவியை விட்டுப் போனவரின் கைதான் எப்போதும் நீளமானது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மூட்டையில் பாவின் தம்பி மார்க் கசாலின் உரிமையும் இருந்தது. 2007 டிராஃப்டில் 48ஆவதாகப் போனவர், அதனால் அன்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2013இல் அவர்தான் லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர். அதே வருடம் மெம்ஃபிஸ் மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனது. லேக்கர்ஸ் 2009, 2010 கோப்பைகளை வாங்கியது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடவும்.

மறந்தும் தொடக்கூடாத பெயர் ஜோ ஸ்மித். 2000ஆம் ஆண்டில் மினசோட்டா அணி அவரோடு ரகசியமாக எழுதிக்கொண்ட ஒப்பந்தம் வெளியே வந்தது. கொஞ்ச காலம் சொற்பச் சம்பளத்துக்கு ஆடு, பிறகு மொத்தமாகத் தருகிறோம் என்ற ஏற்பாடு. லீக் 35 லட்சம் டாலர் அபராதம் போட்டது, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளைப் பிடுங்கியது, பின்னாளில் மனமிரங்கிக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது. இதுதான் ஆதாரத்தோடு பிடிபட்ட அசல் கள்ளக் கூட்டு. ஆனால் அதில் பெரிய நட்சத்திரம் கிடையாது, நள்ளிரவுச் செய்தி கிடையாது, காகிதம் மட்டும்தான். சுவை பத்தாது.

அதேபோல 2011. நியூ ஆர்லியன்ஸ் அணியை அப்போது லீக்கே வாங்கி வைத்திருந்தது. அந்த அணி தன் நட்சத்திர வீரர் கிறிஸ் பாலை லேக்கர்ஸுக்குக் கொடுக்க முன்வந்தது. பதிலுக்கு லாமர் ஓடம், லூயிஸ் ஸ்கோலா, கெவின் மார்ட்டின் எல்லாம் வருவதாக இருந்த, ஏறக்குறைய சரிசமமான பேரம். அதைத்தான் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் ‘கூடைப்பந்துக் காரணங்களுக்காக’ என்று சொல்லி நிறுத்தினார். கிளீவ்லாந்து முதலாளி டான் கில்பர்ட், இதை விட்டால் 25 அணிகளுக்கு வாஷிங்டன் ஜெனரல்ஸ் என்று பெயர் மாற்றிவிடலாம் என்ற தோரணையில் கடிதம் எழுதியிருந்தார். ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸிடம் தோற்பதையே தொழிலாகக் கொண்ட அணி அது. விற்பவரும் நடுவரும் ஒரே ஆள் என்பது பச்சையாகத் தெரிந்த ஒரே இடத்தில், ரசிகர்களில் பாதிப் பேர் நடுவர் பக்கம் நின்றார்கள். லேக்கர்ஸ் ரசிகர்களுக்கு மட்டும் அன்று நியாய உணர்வு பொங்கியது.

எதிராளி கெட்டிக்காரனாக இருந்தால் டெட் ஸ்டெப்பியனை இறக்குவான். 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்தை வாங்கிய இவர் காலத்தில் அணியின் முதல் சுற்றுத் தேர்வுகள் சரமாரியாகக் கைமாறின. அந்த அணியிடமிருந்து போன ஒரு தேர்வில்தான் 1982இல் ஜேம்ஸ் வொர்த்தி கிடைத்தார். யாருக்கு என்று கேட்காதீர்கள், லேக்கர்ஸுக்குத்தான். அடுத்தடுத்த இரண்டு வருட முதல் சுற்றுத் தேர்வுகளும் கையில் இல்லாமல் போகும்படி விற்கக் கூடாது என்ற தடை இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. முட்டாள்தனத்துக்கு எதிராகச் சட்டம் போடும் அளவுக்கு அது தாராளமாகக் கிடைக்கும் லீக்கில், சதி செய்ய ஆள் எதற்கு என்று அவன் கேட்பான். உண்மையைச் சொன்னால் என்னிடம் இதற்குப் பதில் இல்லை. உங்களிடமும் இருக்காது. ‘நீ லேக்கர்ஸ் ரசிகன்தானே?’ என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

பிப்ரவரி டிரேடு கெடு நெருங்கும்போது கீழே உள்ளதைக் கைபேசியில் எழுதி வைத்துக்கொள்ளவும். கோடிட்ட இடங்களை நிரப்பினால் போதும்.

‘லீக் எப்போதுமே …… அணியின் பக்கம்தான். இந்த மேலாளரும் அந்த மேலாளரும் …… காலத்திலிருந்தே நண்பர்கள். கொடுத்தது ……, வாங்கியது ……, யார் இவர்? எல்லாம் டிவி ரேட்டிங்குக்காக.’

முதல் கோட்டில் லேக்கர்ஸ் என்று இப்போதே எழுதிவிடலாம். அநேகமாக அழிக்க வேண்டிவராது.