புலி விழுங்கின மஞ்சள் சட்டை

வாடா மோனை, இப்பிடி இரு. ஒடென்சே மிருகக்காட்சிச்சாலையில நானூறு படம் எடுத்தனியாம். எல்லாத்தையும் பாத்தன். புலி நல்ல வடிவு. அதின்ர வயித்துக்குள்ள மஞ்சள் சட்டையோட ஒருத்தன் நிக்கிறான், அதுதான் பிழை. கொம்மா பதறிப்போனா, புலி பிள்ளையை விழுங்கிப்போட்டுது எண்டு.

புலிக்கூட்டுக் கண்ணாடிக்கு முன்னால கலியாண வீட்டுக்குப் போற மாதிரி உடுத்திக்கொண்டு நிப்பினமே? கறுப்புச் சட்டை போடு, கண்ணாடியில உன்ர விம்பம் விழாது. லென்சைக் கண்ணாடியோட ஒட்டிப் பிடி. ஃப்ளாஷை நிப்பாட்டு, அது மிருகத்தையும் வெருட்டி, திரும்பி வந்து உன்ர படத்துக்கும் வெள்ளையடிச்சுப்போடும். கம்பி வலையெண்டால் லென்சை வலைக்குக் கிட்டக் கொண்டுபோ. லென்சின்ர துவாரத்தை அகலத் திற. மிருகம் வலையை விட்டுத் தள்ளிப் போகேக்க எடு, கம்பி கரைஞ்சுபோகும்.

பனிக்குள்ளால வந்து அங்கத்த ஓசியானியம் எண்ட கட்டிடத்தின்ர மழைக்காட்டுச் சூட்டுக்குள்ள நுழைஞ்சால் லென்ஸ் வேர்க்கும். சேட்டால துடைக்காதை. வெளியிலயே கமெராவைப் பொலித்தீன் பையில கட்டு. உள்ளுக்க கொஞ்ச நேரம் வேர்க்கிறதைப் பை வேர்க்கட்டும். மூக்குக்கண்ணாடியோட புட்டுப்பானை திறக்கிற அம்மம்மாவைக் கேள், சொல்லுவா.

அங்க ஒரு கடற்பசு நிக்குது. எங்கட மன்னார் ஆவுளியாவுக்கு ஒண்டுவிட்ட சகோதரம். ஆவுளியாவுக்கு வால் பிளந்திருக்கும், இதுக்கு அகப்பை மாதிரி வட்டம். நீ எடுத்த படத்தில வாலும் இல்லை, தலையும் இல்லை. ஊறப்போட்ட சாக்கு மாதிரிக் கிடக்கு. சில நிமிஷத்துக்கு ஒருக்கா மூச்செடுக்க மேல வரும், மூக்கைத் திறக்கும். அதுவரைக்கும் கையை வைச்சுக்கொண்டு இருக்க உனக்கு ஏலாது. போனில மெசேஜ் பாக்கப் போட்டாய், பசு மூச்செடுத்திட்டுப் போட்டுது.

சிங்கம் அசையேல்லை எண்டு குறை சொல்லுறாய். நாளில இருபது மணித்தியாலம் வரை படுக்கிற சாதி அது. 2015 அக்டோபர் பள்ளி விடுமுறையில அதே இடத்தில பிள்ளையளுக்கு முன்னால ஒரு சிங்கத்தை வெட்டிக் காட்டிப் பாடம் நடத்தினவை. செத்த சிங்கம்தான். உலகத்துக் கமெராவெல்லாம் வந்தது. ஒருதரும் அசையேல்லை எண்டு முறையிடேல்லை.

இனிப் போகேக்க ஆத்தங்கரையால நடந்து போ. வாத்துக்குஞ்சுக் கதை எழுதின ஆண்டர்சன் பிறந்த ஊர், வாத்துக்குக் குறைவில்லை. முழங்காலில இருந்து அதின்ர கண்ணுக்கு நேரை பிடிச்சுப் பழகு. வாத்துக்கு டிக்கெட்டும் இல்லை, கண்ணாடியும் இல்லை. மஞ்சள் சட்டையே போட்டுக்கொண்டு போ.