இரண்டு மாஸ்டர், ஒரே கேபிள்

பழைய ஐடிஇ கணினியில் இரண்டாவது டிவிடி டிரைவை மாட்டியவர்களுக்கு இந்த அவமானம் தெரியும். பட்டனை அழுத்தினால் தட்டு நீளும், விளக்கு எரியும்; பயாஸ் மட்டும் அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்று சாதிக்கும். தட்டு நீள மின்சாரம் போதும். கணினி மதிக்க வேண்டுமானால் பதவி வேண்டும். ஒரு கேபிளில் இருப்பதோ இரண்டே பதவிகள்: மாஸ்டர், ஸ்லேவ். டிரைவின் முதுகில் செருகியிருக்கும் ஜம்பர் என்ற பொடி பிளாஸ்டிக்தான் நியமன ஆணை. இரண்டிலும் அது மாஸ்டரில் இருந்தால், ஒரே கட்சிக்கு இரண்டு பொதுச்செயலாளர்கள் கதைதான்; சின்னம் முடங்கிவிடும்.

வம்பே வேண்டாமென்று இரண்டையும் ‘கேபிள் செலக்ட்’டில் விடலாம். அப்போது 80 கம்பிக் கேபிளின் கறுப்பு முனையில் உட்கார்ந்தவர் மாஸ்டர், நடுவே சாம்பல் முனையில் உட்கார்ந்தவர் ஸ்லேவ். தகுதியெல்லாம் யாரும் கேட்பதில்லை.

ஆனால் ஜம்பரை யார் பார்க்கிறார்கள்? விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதல்லவா நம் மரபு! (பயாஸுக்கே தெரியாத டிரைவை விண்டோஸ் எங்கே போய்த் தேடும் என்று கேட்கக்கூடாது.) பிறகு சாட்டா வந்தது. கேபிளுக்கு ஒரே டிரைவ், ஜம்பர் தகராறு கிடையாது. அதற்குள் டிவிடி வாங்கத்தான் ஆளில்லை.