ஒன்பதாம் விடை: பிழைச் செய்திகளின் இலக்கணம் குறித்து ஒரு கரிசல் ஆய்வு

நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. 'ஆடுவாயா?' என்றால் 'பாடுவேன்' என்பது இனமொழி விடை. கணினி நிரல் நூலகங்கள் வந்தபின் இந்தப் பட்டியல் போதவில்லை. 'ஆடு' என்றால் 'எனக்குப் பாட வராது' என்று சொல்லும் விடை ஒன்று புழக்கத்துக்கு வந்துவிட்டது.

சான்றுக்கு, கடலைமிட்டாய்க் கடைக்குப் பைத்தான் 2-இல் பில் போடும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் ஒழுங்காக ஓடும். 'கோவில்பட்டி' என்று சாதாரணச் சரமாகத் தமிழில் கொடுத்து, அதை யுடிஎஃப்-8 ஆக என்கோடு செய்யச் சொன்னால், 'டிகோடு செய்ய முடியவில்லை' என்று நிற்கும். டிகோடு செய்யச் சொன்னது யார்? யாருமில்லை. அந்தச் சரம் ஏற்கெனவே பைட்டுகளாக இருப்பதால், நூலகம் யாரையும் கேட்காமல் முதலில் அதை ஆஸ்கியாகப் படித்துப் பார்க்கிறது. ஆஸ்கி 127-ஐத் தாண்டாது. யுடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 224 என்ற பைட்டில் தொடங்குகிறது. ஆக, கோவில்பட்டியின் 33 பைட்டுகளில் முதலாவதிலேயே நிரல் படுத்துவிடும். எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூருக்கும் இதே கதிதான். ஊர்களுக்குள் ஏற்றத்தாழ்வு கிடையாது.

பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்தது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே ஆண்டுதான். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு தனி முனைவர் பட்டத்துக்குரியது.

ஒன்பதாம் விடையின் பிறப்பிடம் யூனிக்ஸ் மரபு. அங்கே சி நூலகம் தோல்வியின் காரணத்தை ஓர் எண்ணாக மட்டுமே பெறுகிறது. எண்ணுக்கு ஒரு வாசகம். துன்பங்கள் கணக்கில்லாதவை, வாசகங்களோ நூற்றுச் சொச்சம்.

லினக்சில் 28-ஆம் எண்ணுக்கு 'சாதனத்தில் இடமில்லை' என்று பொருள். வட்டு பாதி காலியாகக் கிடக்கும்போதும் இது வரும். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற பதிவு ஒன்று வேண்டும். எக்ஸ்ட்4 முறையில் வட்டை ஃபார்மேட் செய்யும்போதே அவற்றின் எண்ணிக்கை முடிவாகிவிடும். பொடிப்பொடிக் கோப்புகள் அவற்றைத் தின்று தீர்த்தால், இடம் இருந்தும் இல்லை. பெட்டி தீர்ந்ததற்குக் 'குச்சி இல்லை' என்று சொல்லும் மேஸ்திரியைக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் எதிலும் மறுநாள் பார்க்க முடியாது. கோப்புகளைக் கண்காணிக்கும் ஐநோட்டிஃபை, தன் வரம்பு தீர்ந்தாலும் இதே 28-ஐத்தான் தருகிறது. அதற்கும் வட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

2-ஆம் எண், 'அப்படியொரு கோப்பு இல்லை'. பைத்தான் வழியாக ஓட்டச் சொன்ன நிரல்கோப்பு கண்ணெதிரே இருக்கும். அதன் முதல் வரியில் குறித்த இயக்கிதான் இருக்காது. எது இல்லை என்று எண்ணால் சொல்ல முடியாததால், பைத்தான், இருக்கிற கோப்பின் பெயரையே போட்டுவிடுகிறது.

ஆய்வாளரின் அபிமானம் 25-க்குத்தான்: 'இது தட்டச்சுப்பொறி அல்ல'. எழுதத் தொடங்குமுன் வெளியீடு முனையத்துக்குப் போகிறதா என்று நூலகம் சோதிக்கும். இல்லையென்றால் 25 ஒட்டிக்கொள்ளும். பின்னால் வேறெதற்கோ தடுமாறும் நிரல், அந்தப் பழைய எண்ணை எடுத்து வாசித்துவிடும். போய்ச் சேராத மின்னஞ்சல்கூட இந்தக் காரணத்தோடு திரும்பியிருக்கிறது. பிற்காலப் பாடபேதம், 'சாதனத்துக்குப் பொருந்தாத ஐஓகன்ட்ரோல்'. மூலபாடமே மேல், எதைப் பற்றிய புளுகு என்றாவது அதில் புரிந்தது.