மின்மூலம் ஆராய்பவர்

அமெரிக்கப் பத்திரிகைகளின் வாகனப் பக்கங்களில் 2010-ஐ ஒட்டித் தழைத்தோங்கிய எழுத்தாளர் வகையினரை 'மின்மூல ஆராய்ச்சியாளர்' எனலாம். நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பது நம்மவர் வழக்கு. இவருக்கோ மின்மூலம் பார்க்காமல் காலைக் காபி இறங்காது. மின்கார் ஒன்றை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தால், அதன் வேகத்தையும் ஓசையின்மையையும் இரண்டு வரிகளில் முடித்துவிட்டு, மின்னேற்றும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவர், தெரு, துணைமின் நிலையம் என்று பின்னோக்கி நடந்து, நிலக்கரி எரியும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியடியில் போய் நின்று, "பார்த்தீர்களா!" என்பார்.

இவருக்கு வாழ்வளித்தது ஒரு விவரச்சீட்டு. நிஸான் லீஃப் காரின் கண்ணாடியில் ஒட்டுவதற்காக அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-இல் வழங்கிய சீட்டில் 99 என்ற எண் இருந்தது. ஒரு கேலன் பெட்ரோலில் அடங்கிய ஆற்றல் 33.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம் என்று கொண்டு, அத்தனை யூனிட்டில் கார் எத்தனை மைல் ஓடும் என்பதைக் கூறும் எண் அது. அனல்மின் நிலையம் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகிறது என்பது அந்த எண்ணில் சேரவில்லை. குறை உண்மையானதே, அதைச் சுட்டியதற்காக இவரைப் பாராட்டத்தான் வேண்டும், இவரும் அதை எதிர்பார்ப்பவரே.

அடுத்து, அமெரிக்க எரிசக்தித் துறை 2000-ஆம் ஆண்டில் வகுத்த விதியிலிருந்து இரண்டு எண்களை எடுப்பார்: மின் உற்பத்தித் திறன் 0.328, கம்பிவழி வந்துசேரும் பங்கு 0.924. இரண்டையும் பெருக்கினால் 0.303 ஆக, 99 மைல் 30 மைலாகச் சுருங்கும்; கட்டுரைக்கு 'மோசடி' என்ற தலைப்பும் கிடைத்துவிடும். ஆனால் அதே விதியின் அதே கணக்கில், கச்சா எண்ணெய் சுத்திகரிக்கப்பட்டுப் பெட்ரோலாக விற்பனைக்கு வருவதற்குள் மிஞ்சும் ஆற்றலைக் குறிக்கும் 0.83 என்ற மூன்றாவது எண்ணும் இருக்கிறது. அந்த வரிக்கு வரும்போது மட்டும் இவருடைய மூக்குக்கண்ணாடி எங்கோ தொலைந்துவிடும். எண்ணெயைத் தோண்டி எடுப்பது, குழாய்வழி தள்ளுவது, ஆலையில் காய்ச்சி வடிப்பது, லாரியில் ஏற்றுவது எல்லாம் மாயமாகி, இவர் கணக்கில் பெட்ரோல், பங்க்கின் அடியிலேயே சுயம்புவாக எழுந்தருளுகிறது. அந்த 0.83-ஆல் வகுத்தால் 30 என்பது 36 ஆகிறது. கட்டுரையைத் தட்டச்சு செய்யும் கணினிக்கும் மின்சாரம் அதே கம்பியில்தான் வருகிறது என்பதை இவரிடம் யாரும் சொல்லாதிருப்பது நல்லது. அடுத்த வாரக் கட்டுரை நின்றுபோகும்.

வேடிக்கை என்னவென்றால், இவர் வெட்டிக் குறைத்த அந்த 30 மைல்கூட, அக்காலத்தில் அமெரிக்காவில் விற்பனையான புதிய கார்கள், சிறு டிரக்குகள் ஆகியவற்றின் சராசரியைவிட அதிகம். அந்தச் சராசரி கேலனுக்கு 25 மைலைக்கூட எட்டவில்லை. விதி வகுத்த 2000-இல் அந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்து வந்தது. 2023-இல் அது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இவர் இன்னமும் 0.303-ஆல்தான் பெருக்கிக்கொண்டிருக்கிறார்.