திருவிழா வளைவில் அம்மன் பெயரை ஓடவிடுவது எப்படி?

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோயில் திருவிழாவுக்கு எழுத்து ஓடும் பலகை செய்ய ஆசையா? முதலில் உபயகாரர் பட்டியலை முடியுங்கள். யார் பெயர் முதலில் ஓடும் என்று தீராமல் சோல்டரிங் அயனைச் சூடாக்கியவர் எவரும் நிம்மதியாக வடம் பிடித்ததில்லை.

அப்புறம் புறக்கோட்டையிலிருந்து ஓர் ஆர்டுயினோ ஊனோவும், நாலு கட்டம் சேர்ந்த எல்ஈடி மேட்ரிக்ஸும் எடுப்பியுங்கள். கட்டத்துக்கு 64 பொட்டு, ஒரு மேக்ஸ்7219 சிப். மொத்தம் 256 பொட்டு. ஆனாலும் கரண்டுக்கு இரண்டு வயர், செய்திக்கு மூன்று, அவ்வளவுதான். இந்த வித்தை பசறை பஸ்ஸில் ஏறியவருக்கு உடனே விளங்கும். செய்தி 16 பிட்டாக ஏறும். அடுத்த 16 ஏறியதும் முன்னது பக்கத்துச் சிப்புக்குத் தள்ளப்படும். "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க!" நாலும் நிரம்பியதும் மூன்றாவது வயர் விசிலடிக்கும்; எல்லாரும் இருந்த இடத்தில் உட்காருவார்கள். (ஆமாம், இதில் எல்லாருக்கும் சீட் உண்டு.)

பலகையின் முதுகிலுள்ள அம்புக்குறியைப் பார்க்காதீர்கள், அது அனுபவமில்லாதவர்களுக்கு. வெளியேறும் வாசலில் வயரைக் கொடுத்துவிட்டு, விடியும்வரை கடைக்காரரை ஏசுங்கள். சரியான வாசலில் கொடுத்தாலும் உடனே எரியாது. கரண்ட் வந்தாலும் சிப் தூக்கத்தில்தான் இருக்கும். பிரட்டுத் தப்பு அடித்தால்தான் லயம் எழும்பிய காலம்போல, 12ஆம் ரெஜிஸ்டரில் 1 என்று பேர் போட்டால்தான் வேலைக்கு இறங்கும்.

எழும்பிய பிறகும் எட்டு வரிசையும் ஒன்றாக எரிவதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றுதான். நொடிக்குச் சுமார் 800 சுற்று சுற்றுவதால் எட்டும் எரிவதாகக் கண் நம்பிவிடுகிறது. எங்கள் கோயில் கமிட்டியும் இப்படித்தான் இயங்குகிறது, அத்தனை வேகம் இல்லை.

இனித்தான் தமிழ். ஆயத்தமாகக் கிடைக்கும் எழுத்துரு ஆங்கிலத்துக்கானது. தமிழை நீங்களே கட்டம் போட்ட கொப்பியில் பொட்டுப் பொட்டாக வரைய வேண்டும். உயரம் எட்டே வரிசை. மேலே புள்ளிக்கு ஒன்று, அதற்கும் எழுத்துக்கும் இடைவெளி ஒன்று, கீழே 'ரு', 'ளு' வால் தொங்க இரண்டு. மிச்சம் நாலு. நாலு வரிசையில் 'ஞ' எழுதிப் பாருங்கள்: நண்டு வரும். அகலமோ 32 நிரல். 'அம்மன்' என்ற ஒரு சொல்லே அதை நிரப்பிவிடும். இரண்டு பலகையை மேலும் கீழுமாக அடுக்கி 16 வரிசையாக்கினால் எழுத்து எழுத்தாக இருக்கும். காசு? ஆகவே மலிவான வழி, புள்ளியைக் கைவிடுவது. புள்ளியில்லாத பெயருள்ளவர்களிடம் மட்டும் உபயம் வாங்குவது இன்னும் உத்தமம்.

நான் கைவிட்டேன். திருவிழாவன்று வளைவில் சிவப்பாக 'அமமன' ஓடினாள். பின்னால் உபயகாரர்கள். சித்தப்பாவின் பெயரில் மூன்று புள்ளி. மூன்றும் போச்சு, ஒரு வாலும் அறுந்தது. மழைத் தூறலில் குடையைச் சாய்த்துக்கொண்டு, தன் பெயர் இரண்டு தரம் ஓடி முடியும்வரை பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"விடு தம்பி. செக்ரோல்ல ஒரு மாதிரி, பொறப்புச் சான்றிதழ்ல ஒரு மாதிரி, ஐடென்டிட்டி கார்டுல இன்னொரு மாதிரி. இது நாலாவது. ஆனா இதுதான்டா வெளிச்சமா இருக்கு."