‘இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?’: சென்னை – கொடைக்கானல் சாலையில் எழுந்த ஒரு வினாவின் இலக்கணம்

1. முன்னுரை

மனித வாழ்வில் பயணம் இன்றியமையாத இடத்தைப் பெறுகிறது. (இந்த வரி இல்லாத ஆய்வேட்டுக்குப் பட்டம் கிடையாது. ‘பயணம்’ என்ற இடத்தில் அவரவர் தலைப்பைப் போட்டுக்கொள்ளலாம்.)

ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து. காப்பில் தொடங்கிச் சிறுதேரில் முடியும். சிறுதேர் உருட்டிய பிள்ளை அடுத்து ஏறுவது பெருந்தேர், அதாவது காரின் பின்னிருக்கை. இந்தப் பதினோராம் பருவத்தை எந்தப் புலவரும் பாடவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். விடுமுறையில் போன பெட்ரோல் செலவுக்கு ஒரு கணக்கு காட்டுவது துணை நோக்கம்.

2. ஆய்வு எல்லை

சென்னையிலிருந்து கொடைக்கானல் வரை சுமார் 520 கிலோமீட்டர். திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மணப்பாறை, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழி. முதன்மைச் சான்று: மகன், வயது 8. துணைமைச் சான்றுகள்: மகள், வயது 12, மனைவி, மாமியார். கருதுகோள்: முடிவுரை எழுதிய பிறகு, வழக்கம்போல, எழுதப்பட்டது.

3. திணைப் பகுப்பு

நெய்தலில் கிளம்பி, காவிரிக்கரை மருதத்தைத் தொட்டு, குறிஞ்சிக்கு ஏறினோம். முல்லை கண்ணயர்ந்த நேரத்தில் போய்விட்டது. பாலையின் உரிப்பொருள் பிரிதல். அது ஒவ்வொரு டோல்கேட்டிலும் நிகழ்ந்தது.

4. ஜன்னலோர இருக்கை

இரண்டு பிள்ளைகள், இரண்டு ஜன்னல்கள், ஒரு பாட்டி. மேற்கொண்டு கூற ஒன்றுமில்லை.

5. வினா

பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் செய்த நன்னூல், வினா ஆறு வகைப்படும் என்கிறது. ஆறுக்கும் ஆறு வாக்கியம் வேண்டும் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஒரே வாக்கியம் ஆறாகவும் நிற்கும் என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. அவ்வாக்கியம்: “இன்னும் எவ்வளவு தூரம்?”

அறியா வினா: பெருங்களத்தூரில் மகன் கேட்டது. தெரியாமல் கேட்டான். வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர்தான் வந்திருந்தோம் என்பதை அவனிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அறிவினா: மேல்மருவத்தூரில் மகள் கேட்டது. அவள் கைபேசியில் மேப் திறந்திருந்தது. ஆசிரியர் மாணவனைக் கேட்பதுபோல் என்னைக் கேட்டாள். நான் தவறாகச் சொன்னேன். திருத்தினாள் (மகள், பின்னிருக்கை வலப்புறம், ஒரு காதில் மட்டும் இயர்போன்).

ஐய வினா: உளுந்தூர்பேட்டை தாண்டி மனைவி கேட்டது. “ஏங்க, இன்னும் எவ்வளவு தூரம்?” இதன் பொருள், ‘வழி இதுதானா, வேறா?’ என்பது. தூரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2019-இல் இவ்வாய்வாளர் தவறவிட்ட ஒரு திருப்பத்தோடுதான் தொடர்பு. அது இங்கே விவரிக்கப்படாது.

கொளல் வினா: டோல்கேட்டில் மகன். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபின் வண்டிகள் நிற்கும் நேரம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வெள்ளரிக்காய்க்காரர் ஜன்னலுக்கு வரும் நொடியில் பிள்ளைக்குத் தூரத்தைப் பற்றிய கவலை பிறந்துவிடுகிறது. மணப்பாறையில் முறுக்குக் கடை தெரிந்தபோது இதே வினா நான்கு முறை அடுக்குத்தொடராக வந்தது.

கொடை வினா: மாமியார். நேரடியாக என்னைக் கேட்க மாட்டார். “மாப்பிள்ளையைக் கேளு, இன்னும் எவ்வளவு தூரமாம்?” என்பார். உடனே புளியோதரைத் தூக்கின் மூடி திறக்கும் ஓசை கேட்கும். கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா. சிறப்பு விதி: இதற்கு ‘வேண்டாம்’ என்னும் விடை செல்லாது.

ஏவல் வினா: பெரம்பலூருக்கு முன் மகன், முழங்கால்களை இறுக்கியபடி. வண்டியை நிறுத்து என்பது பொருள். இவ்வகையைப் பிறவற்றிலிருந்து பிரித்தறியத் தவறினால் இருக்கை உறை மாற்ற வேண்டிவரும்.

இங்கே ஒரு பாடபேதம் உண்டு. அது ஏவல் வினா அன்று, பொழுதுபோகாமல் கேட்டது என்று நான் உரை கண்டேன். மனைவி மறுத்தாள். சங்கர நமச்சிவாயரின் நன்னூல் விருத்தியுரையைச் சிவஞான முனிவர் திருத்தினார் அல்லவா, அந்த மரபு இன்றும் குடும்பங்களில் வாழ்கிறது. வண்டி நின்றது. மனைவியின் உரையே சரி (மகன், புதர் மறைவு, வாய்மொழியன்று).

6. விடை

விடை எட்டு வகை. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடி விடைகள். மற்ற ஐந்தும் கேட்டதற்கு நேராகச் சொல்லாமல் வேறொன்று சொல்லுபவை. பெற்றோர் பெரிதும் புழங்குவது இந்த ஐந்தில்தான்.

சுட்டு: “அதோ மலை தெரியுதுல்ல?” திண்டுக்கல் தாண்டினால் மட்டும் செல்லும்.
மறை: “இன்னும் வரலடா.”
நேர்: சான்று கிடைக்கவில்லை.
ஏவல்: “தூங்கு.”
வினா எதிர் வினாதல்: “இப்பதானே கேட்ட?”
உற்றது உரைத்தல்: “காலைல மூணு மணிக்கு எழுந்தவன் நான்.”
உறுவது கூறல்: “இன்னொரு தடவை கேட்டா வண்டியத் திருப்பிடுவேன்.” (இதுவரை திருப்பியதில்லை. பிள்ளைகளும் அறிவர்.)

எட்டாவது இனமொழி விடை. கேட்ட பொருளை விட்டு அதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது. தூரம் எவ்வளவு என்றால், நேரத்தைச் சொல்கிறோம்: “அரை மணி நேரம்.”

இந்த அரை மணி தனி இயலாக ஆராயத்தக்கது. மதுராந்தகம் ஏரிக்கரையில் அது அரை மணி. திண்டிவனத்திலும் அரை மணி. திருச்சிப் பாலத்தில், பாதித் தொலைவுக்கும் மேல் கடந்த பின்னும், அரை மணி. எவ்வளவு ஓட்டினாலும் தேயாத இவ்வளவையை ஏன் எந்த அளவை நூலும் குறிக்கவில்லை? ‘அரை மணி’ என்பதற்கு முப்பது நிமிடம் என்று பொருள் கொண்டது முதற்பிழை (மகன்). ‘அரை’ இங்கே இடுப்பைக் குறிக்கும், அரைஞாணில் கட்டிய மணி என்பதாம். அது பிள்ளை அசையும்தோறும் ஒலிக்கும், ஓயாது என்பது இவ்வாய்வாளர் துணிபு (அப்பா, ‘ஒரு சொல்லாய்வு’, துவரங்குறிச்சி வழி போயிருக்கலாமோ என்ற விவாதத்தின் நடுவே, யாரும் கேளாத முதற்பதிப்பு). இதைவிட மெலிந்த சொல்லாய்வுகள் நூலாகி, நூலகத்தில் இருக்கின்றன. “அப்பா ஏமாத்துறாரு” என்பது எதிர்க்கருத்து (மகன், பாட்டி மடிப் பதிப்பு, முறுக்குத் துகள்களுடன், திருத்தியதும் விரித்ததும், பாட்டியின் அணிந்துரை: “குழந்தை சரியாத்தான் சொல்றான்”).

7. வாந்தி

வத்தலக்குண்டில் நான் ஓர் அரிய செய்தியை முன்வைத்தேன். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜமய்யர் 1872-இல் இவ்வூரில் பிறந்தார். இருபத்தாறு வயதிலேயே 1898-இல் மறைந்தார். தமிழ் நாவலின் தோற்றம் பற்றி மேலும் விளக்கும்போது மலைப்பாதையின் வளைவுகள் தொடங்கிவிட்டன.

உட்செவி ‘அசைகிறோம்’ என்கிறது. கைபேசித் திரையைப் பார்க்கும் கண் ‘அசையவில்லை’ என்கிறது. இரண்டும் முரண்படும்போது வயிறு தீர்ப்புச் சொல்கிறது. கைக்குழந்தைகளுக்கு இது அரிது. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரைதான் அதிகம். என் சான்றுகள் இரண்டும் எல்லைக்குள் இருந்தன. எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுதல் ஆகியவை பயன்பட்டன. எல்லாவற்றிலும் அதிகம் பயன்பட்டது பிளாஸ்டிக் பை.

ஒன்று மட்டும் மகிழ்ச்சி. கருத்தரங்குகளில் என் கட்டுரைக்கு இவ்வளவு விரைவான, மனமார்ந்த எதிர்வினை கிடைத்ததில்லை.

8. கொடைக்கானல்

2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். ஏரி 1863-இல் வெட்டப்பட்டது. படகு ஓட்டினோம். குறிஞ்சி பூப்பது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2018-இல் பூத்தது, எனவே பார்க்கவில்லை. “அடுத்தது எப்போப்பா?” என்றான் மகன். “அரை மணி நேரத்துல” என்றாள் மகள்.

9. முடிவுரை

திரும்பும் வழியில் மகள் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டாள். அவள் இந்த வினாவை மேல்மருவத்தூருக்குப் பின் ஒருமுறையும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் ஆய்வாளருக்குத் தட்டுப்பட்டது. சில வினாக்கள் வழக்கொழிவது இப்படித்தான் போலும்; கடைசி முறை கேட்கப்படும்போது அது கடைசி என்று குறித்துக்கொள்பவர் இல்லை.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் திரும்பிப் பார்த்தேன். மகன் பாட்டி மேல் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். வண்டிக்குள் சத்தமே இல்லை.

“இன்னும் நூத்தம்பது கிலோமீட்டர்தான்டா” என்றேன், சரியான கணக்கோடு.

யாரும் கேட்காத வினாவுக்குச் சொல்லும் விடை இது. எட்டில் எதிலும் அடங்காது. நன்னூலில் இதற்கு இடமில்லை. பல்கலைக்கழகங்களில் தாராளமாக இருக்கிறது.