நச்சாடை ஷேரிங்

எங்கள் ஊர்த் தேவதானத்துச் சுவாமியின் பெயர் நச்சாடை தவிர்த்தவர். சமாதானப் பரிசு என்று சொல்லிச் சோழ ராஜா நஞ்சு தோய்த்த ஆடையைப் பாண்டியனுக்கு அனுப்ப, சிவபெருமான் முன்கூட்டியே காதில் போட்டுக் காப்பாற்றினார் என்பது தலபுராணம். தென்பாண்டிச் சீமையின் முதல் ஃபைல் ஷேரிங் விவகாரம் இதுதான் என்பது என் கட்சி. அனுப்பியவர் தெரிந்தவர், மேலே பளபளப்பு, உள்ளே வைரஸ். ஆன்ட்டிவைரஸ் மட்டும் அந்தக் காலத்தில் இலவசம்.

இந்தப் பக்கத்துப் பஞ்சபூதத் தலங்களில் தேவதானம் ஆகாசம். 1973-ல் பாப் மெட்காஃப் என்ற அமெரிக்கர், கம்ப்யூட்டர்களைக் கோக்கும் தம் முறைக்கு 'ஈதர்நெட்' என்று பெயர் வைத்தார். ஈதர் என்றால் ஒளி பரவுவதற்காகப் பழைய விஞ்ஞானிகள் கற்பித்துக்கொண்ட ஆகாசம். விஞ்ஞானம் அதைத் தலைமுழுகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் தீபாராதனை நிற்கவில்லை.

அந்த அருள், 2001-ல் ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த டி.டி.பி. கடை வரை எட்டவில்லை. விண்டோஸ் 98 பெட்டிகள் மூன்று, ஒரே கறுப்புக் கேபிளில். 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்'டைத் திறந்தால் பக்கத்துப் பெட்டியைக் காணோம். மூன்றும் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒருவரைத் தலைவராக்கும். யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற பட்டியல் அவரிடம். 12 நிமிஷத்துக்கு ஒருதரம் மற்றவர்கள் 'இருக்கேன்' சொல்ல வேண்டும். மூன்று தரம் சொல்லாவிட்டால்தான் பேர் நீக்கம். செத்த பெட்டி அரைமணிக்கு மேல் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். நம் வாக்காளர் பட்டியலைப் பார்த்துத்தான் எழுதினார்களோ?

கடை முதலாளி அண்ணாச்சி தன் ஃபோல்டருக்கு நீளமான பாஸ்வேர்ட் வைத்திருந்தார். எதிர்ப்பக்கம் எத்தனை எழுத்து அனுப்புகிறதோ, அத்தனையை மட்டுமே விண்டோஸ் 98 சரிபார்க்கும் என்பது அவருக்குத் தெரியாது. ஓரெழுத்து போதும். பெண் பெயர் 'மீ'யில் ஆரம்பிக்கும் என்றதுமே தாலி எடுத்துக் கொடுக்கிற தரகர் மாதிரி. மைக்ரோசாஃப்ட் 2000 அக்டோபரில் ஒட்டுப்போட்டது. போடாதவர்கள் வீட்டுக்கு 2002-ல் 'ஓபாசெர்வ்' என்ற புழு அதே ஓட்டை வழியாக வந்தது.

ஒரு முகூர்த்த சீசனில் மூன்றும் மொத்தமாகப் படுத்துவிட்டன. டிரைவரை அழித்து ஏற்றினேன். ரீஸ்டார்ட். மறுபடி சிடி கேட்டது. கல்யாணப் பத்திரிகைக்காக வந்த பெண்ணின் அப்பா இரண்டாவது டீயில் இருந்தார்.

"தம்பி, பிரின்டர் பெட்டி நாலடி தூரந்தானே? ஃப்ளாப்பியில கொண்டு போகக் கூடாதா?"

ஃப்ளாப்பியில் 1.44 எம்.பி.தான் கொள்ளும். பத்திரிகை 3 எம்.பி. "கலர் பிள்ளையாரை எடுத்துட்டா போயிரும்ணே" என்றேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

மேஜைக்கடியில் தவழ்ந்தபோதுதான் தெரிந்தது, கேபிள் முனையில் டெர்மினேட்டர் இல்லை. அந்த 50 ஓம் மூடி இல்லாவிட்டால் சிக்னல் முனையில் முட்டித் திரும்பி வந்து, எதிரே வருவதன்மேல் விழும். எல்லாப் பெட்டியும் ஊமை. வாசலில் அண்ணாச்சியின் பேரன் அதைக் கோலிக்குண்டாக உருட்டிக்கொண்டிருந்தான்.

பிடுங்கி மாட்டினேன். பத்திரிகை வந்தது, பிள்ளையாரோடு. பையன் அழுதான். அண்ணாச்சி அவனுக்கு ஒரு பை நிறையக் கோலி வாங்கிக் கொடுத்துவிட்டு, சம்பள நாளில் என்னிடம் பிடித்துக்கொண்டார்.